ஆறேகால் பஸ்

அந்தக் குடியிருப்புக்கு பஸ் விட்டு எட்டு மாதம் முடிந்த வாரத்தில், அதை நிறுத்துவதற்கான குறிப்பை எழுதும் வேலை டைம் அக்காவின் மேஜைக்கு வந்தது.

டைம் அக்கா என்பது டிரைவர்கள் வைத்த பெயர். டிப்போ மாடியில், கால அட்டவணைப் பிரிவில் பதினோரு வருடமாக அவள் எழுத்தர். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும், டிரைவர் எங்கே நின்று டீ குடிக்கலாம் என்பதெல்லாம் அவள் பென்சிலால் கோடு போட்டு முடிவு செய்கிறவை. "நமக்கு எப்பப் பசிக்கணும்னு அக்காதான் எழுதறாங்க" என்று கீழே ஓய்வறையில் சொல்லிச் சிரிப்பார்கள்.

குடியிருப்பு நகரத்துக்கு வெளியே இருந்தது. நாலு பிளாக், பிளாக்குக்கு எண்பது வீடு. மெயின் ரோட்டிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். வீடு விற்றவர்கள் கொடுத்த வழவழப்பான தாளில் 'பஸ் வசதி உண்டு' என்று போட்டிருந்தது. பொய்யில்லை. பஸ் வசதி மெயின் ரோட்டில் இருந்தது. முதல் நாலு வருடம் எல்லோரும் அதுவரைக்கும் நடந்தார்கள். நடுவில் ஒருவர் பழைய வேன் ஒன்றை வாங்கி ஆறு மாதம் ஓட்டிப் பார்த்தார். ஒரு நாள் வாய்க்கால் பாலத்தின் மேல் வேன் மூச்சை விட்டது, அவரும் அந்தத் தொழிலை விட்டார். அதன் பிறகு குடியிருப்புச் சங்கத்தார் மனு மேல் மனுவாகப் போட்டு, கடைசியில் ஒரு பஸ் விட வைத்தார்கள். காலையில் இரண்டு நடை, மாலையில் இரண்டு நடை.

அந்த பஸ்ஸுக்கு நேரம் போட்டது டைம் அக்காதான். புது பஸ் கொடுக்க வழியில்லை என்று மேலே சொல்லிவிட்டதால், வேறொரு தடத்தில் ஓடிய பஸ் சும்மா நிற்கும் இடைவெளிகளைக் கண்டுபிடித்து, அதில் இந்த நாலு நடையையும் அவள் செருகினாள். ஒரு நிமிடம்கூட வீணாகவில்லை. பிரிவின் கண்காணிப்பாளர் அந்தத் தாளை இரண்டு முறை பார்த்துவிட்டு, "கச்சிதம்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவது அபூர்வம்.

இப்போது அதே கண்காணிப்பாளர் ஒரு கோப்பை நீட்டினார்.

"ஒரு நடைக்குச் சராசரியா ஒம்பது பேரு. ஒம்பது பேருக்கு எதுக்கும்மா பஸ்ஸு? மாசக் கடைசிக்குள்ள நிறுத்திடலாம்னு குறிப்பு வேணும். நீங்க அங்கதானே குடியிருக்கீங்க, நீங்களே எழுதிடுங்க. உள்ளூர்க்காரங்களே எழுதிட்டா யாரும் நம்ம மேல பாய மாட்டாங்க."

அவள் குடியிருந்தது இரண்டாம் பிளாக்கில். ஆனால் எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட அந்த பஸ்ஸில் அவள் ஏறியதில்லை. கணவர் வேலைக்குப் போகிற வழியில் ஸ்கூட்டரில் அவளை டிப்போ வாசலில் இறக்கிவிடுவார், மாலையில் ஏற்றிக்கொள்வார். தன் பஸ்ஸை அவள் தாளில் பார்த்ததோடு சரி.

அன்று மாலை சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாக விஷயத்தைச் சொன்னாள். கணவர், "பாவம், ஆளில்லாம எப்படி ஓட்டுவாங்க" என்றார். மேஜையின் மறுபக்கம் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். கணவரின் தங்கை. கல்யாணம் சரிப்படாமல் பிரிந்து வந்து, மூன்று வருடமாக அவர்களோடு இருக்கிறாள். பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங் பிரிவில் வேலை. அதிகம் பேசமாட்டாள். தன் தட்டு, தன் டம்ளர், தன் துணி என்று எல்லாவற்றையும் அடுத்தவர் கண்ணில் படாமல் கழுவி வைத்துவிடுகிற ஆள். அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே லேசாகச் சிரித்தாள்.

"ஏன் சிரிக்கற?"

"ஒண்ணுமில்ல அண்ணி. அந்த பஸ் இன்னும் ஓடுதான்னு நெனச்சேன்."

டைம் அக்காவுக்குச் சுரீரென்றது. ஆனால் நாத்தனார் அதற்குள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மறுநாள் கணவரை முன்னால் போகச் சொல்லிவிட்டு, டைம் அக்கா நிறுத்தத்தில் போய் நின்றாள். ஏழு பத்துக்கு வர வேண்டிய பஸ் ஏழு இருபத்திரண்டுக்கு வந்தது. ஓட்டி வந்தவருக்கு டிப்போவில் ஆமை என்று பெயர். இருபத்தாறு வருடத்தில் ஒரு விபத்தில்லை, ஒரு கண்ணாடி உடைந்ததில்லை. அதற்கு அவர்கள் கொடுத்த பட்டம் அது.

"அடடே, நேரம் போட்டவங்களே ஏறிட்டீங்களா" என்றார் ஆமை. "உக்காருங்கக்கா. எடத்துக்கா பஞ்சம்."

பஸ்ஸில் ஆறு பேர் இருந்தார்கள். வண்டி மூன்றாம் பிளாக்கைத் தாண்டியதும், நாலாம் பிளாக்குக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேரே போனது. டைம் அக்கா எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"நாலாம் பிளாக் போகலையா அண்ணே?"

"போனா டவுனுக்கு எப்பப் போய்ச் சேர்றது? முப்பத்தெட்டு நிமிஷம் குடுத்திருக்கீங்க. உள்ள நாலு பிளாக்கையும் சுத்தணும், பள்ளிக்கூட வாசல்ல ஊர்ந்து போகணும், பாலத்துல எதிர்ல வண்டி வந்தா நின்னு வழி விடணும். நாப்பத்தாறு நிமிஷம் இல்லாம நடக்காது. லேட்டா போனா அடுத்த தடத்துல காத்திருக்கறவன் என்னைத் திட்டுவான். அதான் ஒரு பிளாக்கை முழுங்கிடறேன்."

"சொல்லியிருக்கலாமே."

ஆமை சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மூணு தடவ எழுதிக் குடுத்தேன்."

டிப்போவுக்குப் போனதும் அவள் முதல் வேலையாகக் கோப்பு அலமாரியைத் திறந்தாள். டிரைவர்கள் வேலை முடித்துப் போகையில் எழுதிக் கொடுக்கும் குறிப்புச் சீட்டுகள் மாத வாரியாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. ஆமையின் மூன்று சீட்டும் கிடைத்தன. 'நேரம் போதவில்லை, எட்டு நிமிடம் கூட்டித் தரவும்.' மூன்றின் மூலையிலும் 'பார்த்தேன்' என்று எழுதி, கீழே தேதியோடு கையெழுத்து. அவளுடைய கையெழுத்து. எப்போது போட்டோம் என்று யோசித்துப் பார்த்தாள், நினைவே வரவில்லை. ஒரு நாளைக்கு எழுபது சீட்டில் அப்படிப் போடுவாள். முப்பத்தெட்டு எங்கிருந்து வந்தது என்பது மட்டும் நினைவிருந்தது. அதே தூரத்துக்கு மெயின் ரோட்டில் ஓடும் பஸ்ஸின் நேரத்தை அப்படியே எடுத்து எழுதியிருந்தாள்.

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை.

அடுத்த நாள் காலை ஐந்தேகாலுக்கு எழுந்து சமையலறைக்குப் போனபோது, நாத்தனார் தலை சீவிக்கொண்டு நின்றாள். அண்ணியைப் பார்த்ததும் உடம்புக்கு என்னவோ என்று பயந்துவிட்டாள்.

"ஒண்ணுமில்ல. நீ எப்படி வேலைக்குப் போறேன்னு பார்க்கணும். நானும் வரேன்."

"அண்ணி, செருப்பு மாத்திக்குங்க. அது தாங்காது."

வெளியே அரை வெளிச்சம்தான். கீழே இறங்கியதும் முதல் பிளாக்கிலிருந்து இரண்டு பேர், எதிர் வரிசையிலிருந்து நாலு பேர் என்று ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். பெண்கள்தான் அதிகம். எல்லோர் தோளிலும் ஒரு துணிப்பை. பஸ் நிறுத்தத்தின் புதுப் பலகையைத் தாண்டி நடந்தார்கள், ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. டைம் அக்கா கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து எண்ணத் தொடங்கினாள். வாய்க்கால் பாலத்துக்கு வரும்போது நாற்பத்து மூன்று ஆகியிருந்தது.

பாலத்துக்கு அப்பால் நடைபாதை இல்லை. சாலையோரம் சரளைக்கல். லாரிகள் உரசிக்கொண்டு போயின. ஒவ்வொரு லாரிக்கும் எல்லோரும் பேச்சை நிறுத்தி, பக்கவாட்டில் திரும்பி நின்று, அது போனதும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள். டைம் அக்காவுக்கு மூச்சு வாங்கியது.

"இங்கதான் விழுந்தேன்" என்றாள் நாத்தனார், ஒரு பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு.

"எப்போ?"

"போன மழையில. முட்டி பேந்துச்சே."

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்ததா சொன்னே."

"சொன்னேன். ரோட்ல விழுந்தேன்னா அண்ணன் தினமும் கொண்டுபோய் விடறேன்னு கிளம்பும். அது தூங்கறதே அஞ்சு மணி நேரம்."

மெயின் ரோடு விளக்குகள் தெரிய ஆரம்பித்தன.

"உங்க கம்பெனி எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள் டைம் அக்கா. மூன்று வருடமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"ஏழு மணி ஷிப்ட். ஆறே முக்காலுக்கு கேட்டுக்குள்ள இருக்கணும். இந்த கும்பல்ல பாதி எங்க கம்பெனி, மீதி பக்கத்து நூல் மில்லு. ரெண்டும் ஏழுதான். விடறது நாலு மணி."

"பஸ் ஏழு பத்துக்குக் கிளம்புது."

"ஆமா. சாயங்காலம் மூணு அம்பதுக்கு எங்க கேட்டைத் தாண்டிப் போகும். உள்ள ஜன்னல் வழியா பார்ப்போம்."

"ஏன் என்கிட்ட சொல்லலை? நான்தான் அந்த நேரத்தைப் போட்டேன்னு உனக்குத் தெரியுமே."

நாத்தனார் நின்று அவளைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை.

"நீங்க கேக்கவே இல்லையே அண்ணி. ஒதுங்க எடம் குடுத்திருக்கீங்க. அதுக்கு மேல பஸ்ஸும் விடுங்கன்னு எப்படிக் கேக்கறது?"

டைம் அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மெயின் ரோட்டு பஸ் வந்துவிட்டது. முப்பது பேர் ஒரே படியில் தொற்றினார்கள். படிக்கம்பியைப் பிடித்த நாத்தனார் திரும்பி, "நீங்க அடுத்ததுல வாங்க, இதுல உங்களால முடியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே மறைந்தாள்.

குறிப்பு எழுத அவளுக்கு இரண்டு நாள் ஆயிற்று. எழுதி முடித்ததைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்தாள். அவர் முதல் பக்கத்திலேயே கண்ணாடியைக் கழற்றினார்.

"நிறுத்தறதுக்குக் குறிப்பு கேட்டேன். நீங்க நேரம் தப்புன்னு எழுதியிருக்கீங்க."

"தப்புதான் சார். அங்க ஆள் இல்லாம இல்ல. நாப்பத்து மூணு பேர் எண்ணினேன். ஷிப்ட் ஆரம்பிச்சப்புறம் கிளம்பற பஸ்ஸுல ஏறி அவங்க என்ன செய்வாங்க? ஓட்ட நேரமும் தப்பு. டிரைவர் மூணு தடவை எழுதிக் குடுத்திருக்காரு. அதையும் சேர்த்து வச்சிருக்கேன்."

"இதுல கையெழுத்து யாருது?"

"என்னுது."

"உங்க தலையில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கறீங்க. மேல போனா மெமோ வரும், தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கடுமையான ஆள்தான், ஆனால் கணக்கு தெரிந்தவர். நாற்பத்து மூன்று என்ற எண் அவரை உறுத்தியது தெரிந்தது.

"முப்பது நாள்" என்றார் கடைசியில். "புது பஸ் கெடையாது, கூடுதல் ஆள் கெடையாது. இருக்கற வண்டி, இருக்கற டிரைவர். முப்பது நாள்ல ஒரு நடைக்கு முப்பது பேர் வரணும். வரலைன்னா நீங்களே பலகையைக் கழட்டிட்டு வந்துடுங்க."

இருக்கிற டிரைவர் என்றால் ஆமை. ஆறேகாலுக்குக் குடியிருப்பிலிருந்து பஸ் கிளம்ப வேண்டுமானால், அவர் ஐந்தே காலுக்கு டிப்போவில் இருக்க வேண்டும். அவர் வீடோ ஊரின் மறுகோடி. டைம் அக்கா கீழே ஓய்வறைக்கே போய், எல்லோருக்கும் எதிரில் அவரிடம் கேட்டாள். தன் தவறையும் சொன்னாள். மாடியிலிருந்து ஒருவர் இறங்கி வந்து அப்படிச் சொன்னதை அவர்கள் பார்த்ததில்லை.

ஆமை டம்ளரைக் கீழே வைத்தார். "எட்டு நிமிஷம் உண்டா?"

"உண்டு. நாப்பத்தாறு."

"அப்ப நாலு மணிக்கு எழுந்துக்கறேன், போங்க. வீட்ல எப்படியும் என்னை யாரும் தூங்க விடறதில்ல."

புது நேரத்தின் முதல் நாள் திங்கட்கிழமை. டைம் அக்கா நிறுத்தத்தில் நின்றாள். ஆறு பதிமூன்றுக்கே பஸ் வந்து, உறுமிக்கொண்டு நின்றது. நாத்தனாரும் இன்னும் மூன்று பேரும் ஏறினார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் ஐந்து நாற்பதுக்கே நடந்து போயிருந்தார்கள். நிறுத்தத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பை எல்லோரும் படித்திருந்தார்கள், யாரும் நம்பவில்லை. செவ்வாய் ஐந்து பேர். புதனும் ஐந்து. கண்காணிப்பாளர் தினமும் பத்து மணிக்கு அவள் மேஜைப் பக்கம் வந்து எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போவார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டைம் அக்கா வீடு வீடாகப் போகக் கிளம்பினாள். நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு, "நீங்க தனியாப் போனா ஆபீஸ்காரங்கன்னு கதவைச் சாத்துவாங்க" என்று கூட வந்தாள்.

நாலாம் பிளாக்கில் முதல் வீட்டுக்காரி நூல் மில்லில் ஒரு வரிசை இயந்திரங்களையும் அதன் ஆட்களையும் கவனிக்கும் வரிசைத் தலைவி. கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். கதவை முழுதாகத் திறக்காமலே பேசினாள்.

"பஸ்ஸா? எங்க பொண்ணு ஆஸ்பத்திரியில எட்டு மணி டூட்டிக்கு அந்த ஏழு பத்தை நம்பி நின்னா. ஒரு வாரம் நின்னா. இந்தப் பக்கம் அது எட்டியே பார்க்கல. மூணு லேட் மார்க்கு. அதுலேர்ந்து இந்த வீட்ல பஸ்ஸுங்கற பேச்சே கெடையாது."

டைம் அக்கா மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"எங்க அண்ணிதான் அந்த நேரம் போட்டாங்க. தப்புன்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க. அதுக்கு ஆபீஸ்ல அவங்களுக்கு மெமோ வரப்போகுது. உங்களை நம்பச் சொல்லல. நாளைக்கு நீங்க எல்லாரும் எப்பவும்போல நடங்க. நான் பஸ்ல வரேன். உங்க மில்லு கேட்டுல யார் முன்னாடி நிக்கறோம்னு பார்ப்போம்."

டைம் அக்கா தன் நாத்தனாரை வாய் பிளந்து பார்த்தாள். மூன்று வருடத்தில் அவள் இத்தனை வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசிக் கேட்டதில்லை. வரிசைத் தலைவி கதவை இன்னும் கொஞ்சம் திறந்து, "பந்தயமா?" என்றாள். முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "அப்ப பேச்சு மாறக்கூடாது."

திங்கட்கிழமை நடப்பவர்கள் வேண்டுமென்றே கொஞ்சம் நேரம் தாழ்த்தி, ஐந்து ஐம்பத்தைந்துக்குக் கிளம்பினார்கள். வேடிக்கை பார்க்கத்தான். வரிசைத் தலைவி முன்னால் போனாள். ஆறேகால் பஸ் நாலாம் பிளாக்கையும் சுற்றிக்கொண்டு, பாலத்தைத் தாண்டி, சரளைக்கல் பாதையில் அவர்களைப் பிடித்தது. அந்த நேரம் பார்த்துத் தூறல் பிடித்திருந்தது. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு நடந்தவர்களுக்குப் பக்கத்தில் ஆமை வண்டியை நிறுத்தினார். அங்கே நிறுத்தமே இல்லை. ஒரு டிரைவர் அப்படி நிறுத்துவது விதிக்கு விரோதம் என்று எழுதி வைத்திருந்ததே டைம் அக்காவின் பிரிவுதான். அன்று தானும் பஸ்ஸில் ஏறியிருந்த அவள் முன் இருக்கையில் உட்கார்ந்து அந்தப் பக்கம் பார்க்காதவள்போல் இருந்தாள்.

ஆமை ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "பந்தயத்தை நாளைக்கு வச்சுக்கலாம். இன்னிக்கு ஏறுங்கம்மா, நனையாதீங்க."

வரிசைத் தலைவி கொஞ்சம் யோசித்தாள். பின்னால் இருந்தவர்கள் யோசிக்கவில்லை. அவளைத் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். முப்பத்தெட்டு பேர். ஜன்னல்களெல்லாம் ஆவி படிந்து, உள்ளே ஈரத் துணி வாசனையும் பேச்சும் நிறைந்தன. பிஸ்கட் கம்பெனி வாசலில் ஆறு முப்பத்தெட்டுக்கு இறங்கினார்கள். கேட்டை இன்னும் திறக்கவில்லை. காவலாளி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு என்ன விசேஷம்?" என்றார்.

மாலையில் நாலு பத்துக்கு அதே பஸ் வாசலில் வந்து நின்றபோதுதான் அவர்களுக்கு முழு நம்பிக்கை வந்தது. மூன்றாவது வாரம் ஒரு நடைக்கு நாற்பத்தைந்துக்குக் குறையவில்லை. காலையின் இரண்டாவது நடையான எட்டு ஐந்துக்குப் பள்ளி ஆசிரியைகள் வந்தார்கள். வரிசைத் தலைவியின் மகளுக்கும் ஆஸ்பத்திரியில் டூட்டியை ஒன்பதுக்கு மாற்றிக்கொடுத்தார்கள், அவளும் அதில் வந்தாள். ஒரு நாள் ஐம்பத்தெட்டு என்று சொன்னபோது கண்காணிப்பாளர், "இன்னொரு வண்டி கேட்டுடாதீங்க" என்றார். போகிறபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததை அவள் பார்த்தாள்.

முப்பதாம் நாள் நடையை நிரந்தரமாக்கி ஆணை வந்தது. அதே தபாலில் அவளுக்கு மெமோவும் வந்தது. 'கவனக்குறைவுக்காக எச்சரிக்கப்படுகிறார்.' பணிப்பதிவேட்டில் அது ஏறும். பதினோரு வருடத்தில் முதல் கரும்புள்ளி. அவள் அதைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திட்டாள். இந்த முறை ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுத்தான் போட்டாள். வருத்தம் இல்லாமல் இல்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் காட்டியபோது கண் கலங்கியது. நாத்தனார் அந்தத் தாளை வாங்கிப் படித்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்குக் காலையில முப்பத்தஞ்சு நிமிஷம் கூடக் கெடைக்குது அண்ணி" என்றாள். "என்ன பண்றதுன்னே தெரியல. நேத்து சும்மா உக்காந்து டீ குடிச்சேன்."

"நாளைக்கு எனக்கும் ஒண்ணு போடு. நானும் எழுந்துக்கறேன்."

அன்றிலிருந்து ஐந்தே முக்காலுக்கு அந்தச் சமையலறையில் இரண்டு டம்ளர். பேச என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. கம்பெனியில் புது இயந்திரம் வந்தது, கீழ்வீட்டுக் குழாய் ஒழுகுவது, நாத்தனார் நடுவில் விட்ட படிப்பைத் தபாலில் முடிக்கலாமா என்பது. அந்தக் கடைசி விஷயத்தை அவள் மூன்று நாள் இழுத்து இழுத்துத்தான் சொன்னாள். டைம் அக்கா விண்ணப்பத்தை அன்றைக்கே வாங்கி வந்தாள்.

மழைக்காலம் முடிந்த ஒரு சனிக்கிழமை, முதல் பிளாக்கிலிருந்து மூன்று கல்லூரிப் பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒன்பதரைக்கு வகுப்பாம். எட்டு ஐந்து ரொம்பச் சீக்கிரம், அதை விட்டால் ஒன்றுமில்லை.

"நாங்க எட்டுப் பேர் இருக்கோம் ஆன்ட்டி. எட்டுப் பேருக்கெல்லாம் விடுவாங்களா?"

"எட்டுப் பேரா, இல்ல உங்களுக்குத் தெரிஞ்சவங்க எட்டுப் பேரா?" என்று கேட்டாள் டைம் அக்கா.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாத்தனார் அலமாரியிலிருந்து புது நோட்டு ஒன்றை எடுத்து, நடுப்பெண்ணின் கையில் கொடுத்தாள்.

"திங்கக்கிழமை எட்டரைக்கு ஆளுக்கொரு பிளாக் வாசல்ல நின்னு எண்ணுங்க. நாலாம் பிளாக்கை விட்டுடாதீங்க. அங்க நான் நிக்கறேன், அன்னிக்கு எனக்கு லீவு."